ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் மூலிகை எது?

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருப்பவர் 34 வயது ஆசிரியை. ஐந்து வயதில் மகள், பத்து மாதத்தில் மகன். மகனுக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார். கனடாவிலிருக்கும் அண்ணி அனுப்பிய சில வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த ஷாம்பு, சவர்க்காரம், பவுடர், கிறீம், பற்பசை எல்லாவற்றையும் ஒரே நாளில் குப்பையில் போட்டிருக்கிறார். கிறீம், ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பரபென் புற்றுநோய் தரும், எஸ்.எல்.எஸ். விஷம், இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது என்பவை அவர் மனதில் பதிந்த மூன்று செய்திகள்.

இப்போது உடம்புக்கும் தலைக்கும் கையால் செய்த ஒரே கட்டிச் சவர்க்காரம். பல்லுக்குக் கரித்தூள். மகனின் கரப்பனுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பூச்சு. முகத்துக்கு, பேஸ்புக்கில் ஒருவரிடம் வாங்கும் 'மூலிகைக் கிறீம்'. அதைப் பூசத் தொடங்கிய முதல் வாரத்திலேயே முகம் வெளுத்துப் பளபளத்ததாம். பாடசாலையில் எல்லோரும் விசாரித்தார்களாம். நான்கு மாதம் கழித்து நிலைமை வேறு. ஒருநாள் பூசாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகப் பரு வருகிறது, வெயிலில் நிற்க முடியவில்லை. விற்றவரைக் கேட்டால், "பழைய கெமிக்கல் நஞ்செல்லாம் வெளிய வருது அக்கா, விடாமப் பூசுங்கோ" என்கிறாராம். தலைமயிர் மெழுகு தடவியதுபோல் பிசுபிசுக்கிறது. மகனின் கரப்பனும் கூடிவிட்டது. கணவர் எல்லாவற்றையும் பழையபடி வாங்கச் சொல்கிறார். மாமியார், "எங்கட காலத்தில உதுகள் ஒண்டும் இல்லை" என்கிறார். இயற்கைக்கு மாறியது பிழையா, இந்த நஞ்சு எப்போது வெளியேறி முடியும் என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

மாறியது பிழையில்லை. ஆனால் உங்கள் முகத்திலிருந்து நஞ்சு எதுவும் வெளியேறவில்லை. உடம்பின் கழிவுகளை வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும். பழைய கிறீம்களை மாதக்கணக்கில் சேமித்து வைத்துப் பிறகு பருவாகத் தள்ளும் வேலை தோலுக்கு இல்லை. ஒரு பொருளைப் பூசி எரிந்தால், அந்தப் பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நீங்கள் சவர்க்காரத்தைச் சந்தேகிக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, கிறீம் விற்றவரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேறொரு வரி: "கிறீம் பூசும்போது தாலிக்கொடியிலும் மோதிரத்திலும் படக்கூடாது என்று அந்தப் பிள்ளை சொன்னா. நல்ல பக்தியான பிள்ளை."

அது பக்தி இல்லை, சகோதரி. பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும். நகையில் படக்கூடாது என்ற எச்சரிக்கை, பாதரசம் கலந்த வெளுக்கும் கிறீம்களோடு உலகின் பல இடங்களிலும் கூடவே வருகிற ஒன்று.

அந்தக் கிறீமை இன்றோடு நிறுத்துங்கள்

ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் மூலிகை எனக்குத் தெரிந்து கிடையாது. கஸ்தூரி மஞ்சளோ, கற்றாழையோ, குங்குமப்பூவோ அந்த வேகத்தில் எதையும் செய்யாது. அவ்வளவு விரைவாக நிறம் மாறினால் எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று பாதரச உப்பு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கும். மற்றது குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற, தோல் அழற்சியை அடக்கும் கடுமையான ஸ்டீராய்டு மருந்து. சில டப்பாக்களில் இரண்டுமே இருக்கும். பூசாத நாளில் எரிவு, மூக்கின் இருபுறமும் நிரந்தரச் சிவப்பு, பொடிப் பரு, வெயில் தாங்காமை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஸ்டீராய்டுக்குப் பழகிய முகம் போலிருக்கிறது. நகை எச்சரிக்கையைப் பார்த்தால் பாதரசமும் இருக்கலாம். கடிதத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. ஆனால் உறுதியாகும்வரை பூசிக்கொண்டிருக்கவும் முடியாது.

பாதரசத்துக்கு நான் அஞ்சுவது முகத்தை நினைத்து அல்ல, சிறுநீரகத்தை நினைத்து. அது தோல் வழியாக உள்ளே போகும், தாய்ப்பாலிலும் சேரும். நீங்கள் தூக்கிக் கொஞ்சும்போது மகனின் கன்னத்திலும் கையிலும் ஒட்டும். தலையணை உறையிலும் துவாயிலும் இருக்கும். மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களின் உற்பத்தியையும் இறக்குமதி ஏற்றுமதியையும் 2020 உடன் முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. அப்படியும் பெயரில்லாத டப்பாக்களில் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எனவே இந்த வாரமே யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கோ, உங்களுக்கு வசதியான ஒரு தோல் வைத்திய நிபுணரிடமோ போங்கள். டப்பாவையும் கொண்டு போங்கள். சிறுநீர்ப் பரிசோதனைகள் தேவைப்படும். மகனையும் பார்க்கச் சொல்லுங்கள். பாலை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதை வைத்தியரே முடிவு செய்யட்டும். கால் அல்லது முகம் வீங்குதல், சிறுநீர் நுரைத்துப் போதல், கை நடுக்கம், விரல் விறைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

நிறுத்திய பிறகு முகம் இன்னும் மோசமாகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு மட்டும் கொஞ்சம்" என்று மீண்டும் டப்பாவைத் திறப்பீர்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது அந்த இடத்தில்தான். வைத்தியரைக் காணும்வரை வெறும் தண்ணீரால் கழுவி, மணமில்லாத பெற்றோலியம் ஜெலியை மெல்லிதாகத் தடவுங்கள். பெற்றோலிலிருந்து வருவது என்று அதையும் எறிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாகச் சுத்திகரித்த பெற்றோலியம் ஜெலி, தோலுக்கு ஒவ்வாமை தருவது மிக மிக அரிது. வெளியே போகும்போது குடை பிடியுங்கள்.

டப்பாவை வீட்டுக் கோடிக்குள் போட்டுக் கொளுத்திவிடாதீர்கள். பாதரசம் இருந்தால் அது ஆவியாகி வீட்டாரின் மூச்சோடு போகும். இறுக்கி மூடி, பொலித்தீன் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தலையணை உறைகளையும் முகம் துடைத்த துவாய்களையும் மற்ற உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள், அல்லது எறிந்துவிடுங்கள்.

உங்கள் உரிமை பற்றி

விற்றவரோடு சண்டை பிடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வட்ஸ்அப் உரையாடலையும் காசு அனுப்பிய பற்றுச்சீட்டையும் அழிக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது, எங்கே செய்தது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி எண் 1977. அங்கே சொல்லுங்கள், எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். அந்தப் பெண்ணே யாரிடமோ வாளிக் கணக்கில் வாங்கிச் சிறு டப்பாவில் அடைத்து விற்பவராக இருக்கலாம். உள்ளே என்ன என்று அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அப்படியென்றால் முறைப்பாடு இன்னும் அவசியம்.

பிசுபிசுக்கும் தலையும் கிணற்றுத் தண்ணீரும்

இனி சவர்க்காரம். 'கெமிக்கல் இல்லாத சவர்க்காரம்' என்று சுற்றுத்தாளில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று இல்லை. எண்ணெயோடு கோஸ்டிக் சோடா சேர்ந்தால்தான் சவர்க்காரம் வரும், அது கம்பனியில் செய்தாலும் சரி, குசினியில் செய்தாலும் சரி. அளவு சரியாக இருந்தால் சோடா முழுவதும் எண்ணெயோடு கலந்து முடிந்துவிடும். அளவு பிழைத்தால் மிச்சம் நின்று தோலை எரிக்கும். உங்கள் கட்டி நுரைக்கிறது, உடம்பு எரியவில்லை என்கிறீர்கள். ஆகவே அதைச் செய்தவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்.

தலை பிசுபிசுப்பதற்குக் காரணம் உங்கள் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. நம் கிணறுகளில் பலவற்றின் தண்ணீரில் கல்சியம் அதிகம். தேத்தண்ணிக் கேத்திலின் அடியை ஒருமுறை பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பசையாகிவிடும். வாளி விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டுவதும் அதுதான், உங்கள் தலைமயிரில் ஒட்டுவதும் அதுதான். சந்தேகமென்றால் ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரும் இன்னொன்றில் மழைத் தண்ணீரும் எடுத்து, இரண்டிலும் அதே கட்டியைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள்.

ஷாம்பு இந்தத் தண்ணீரிலும் பசையாகாமல் வேலை செய்யும், அதற்காகத்தான் அது வந்தது. ஆனால் ஷாம்பு வேண்டாமென்றால் உங்கள் மாமியாரிடம் நல்ல வழி இருக்கிறது. சீயாக்காயும் வெந்தயமும் அவித்த அரப்பில் தேசிக்காய் பிழிந்து முழுகுவார்களே, அது இந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு நன்றாகப் பொருந்தும். சீயாக்காயில் நுரைப்பது சபோனின். அது கல்சியத்தோடு சேர்ந்து பசையாவதில்லை. தேசிக்காய்ப் புளி, ஏற்கெனவே படிந்த பசையைக் கழற்றும். ஒரு கவனம்: புளி தோலில் நிற்க வெயிலுக்குப் போகாதீர்கள். தேசிக்காயில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுக் கறுத்த தழும்பாக்கும். நன்றாக அலசிவிட்டால் பயமில்லை. முகத்துக்கு மட்டும் தேசிக்காய் வேண்டவே வேண்டாம்.

பரபெனும் எஸ்.எல்.எஸ்ஸும்

பரபென் பயம் பெரும்பாலும் 2004 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. 20 மார்புக் கட்டி மாதிரிகளில் பரபென் இருந்ததாக அது சொன்னது. பரபென்தான் கட்டியை உண்டாக்கியது என்று சொல்லவில்லை. நோயில்லாத மார்புத் திசுவோடு ஒப்பிடவுமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சில பரபென்களைத் தடை செய்து, மற்றவற்றுக்கு அளவு வைத்திருக்கிறது. அந்த அளவுக்குள் இருப்பதைக் கண்டு நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. பரபெனை எடுத்துவிட்ட கம்பனிகள் பல அந்த இடத்தில் போட்டது மெதைல்ஐசோதையாசொலினோன் என்ற பதனப் பொருளை. அதனால் எத்தனையோ பேருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. அமெரிக்க தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2013 இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அதே சங்கம் 2019 இல் பரபெனை, அரிதாகவே ஒவ்வாமை தருவது என்று எடுத்துக்காட்டியது. 'பரபென் இல்லை' என்ற சொல்லைவிட, அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்ற கேள்வி பெரிது.

பதனப் பொருளே இல்லை என்று சொல்லி விற்கும் தண்ணீர் கலந்த கிறீம் இன்னும் மோசம். நம் வெக்கையில் அதில் கிருமி வளர அதிக நாள் வேண்டியதில்லை. மணத்திலோ நிறத்திலோ தெரியாமலே வளரும். வீட்டுக் கற்றாழைக்கும் இதே விதிதான். வெட்டி, மஞ்சள் பாலை வடியவிட்டு, கழுவி, அன்றன்றைக்கு எடுங்கள், போத்தலில் சேர்க்காதீர்கள்.

எஸ்.எல்.எஸ். விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். குப்பையில் போட்ட சவர்க்காரப் பெட்டியில் "எஸ்.எல்.எஸ். என்றே பெரிதாக அச்சடித்திருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் தரச் சின்னம். நீங்கள் பயப்படும் எஸ்.எல்.எஸ். வேறு: சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைப்பொருள். அது தோலை உலர்த்தும், எரிச்சலும் தரும். கரப்பன் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. ஆனால் புற்றுநோய்ப் பொருள் அல்ல. அதைத் தேங்காய் எண்ணெயிலிருந்தும் செய்கிறார்கள்.

மகனின் கரப்பன்

இந்தப் பகுதியை வாசிக்கும்போது மனம் வருந்தினேன். பிள்ளைக்கு வைத்தியர் எழுதித் தந்த பூச்சில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அறிந்து பயந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அது ஒரு சதவீத ஹைட்ரோகோட்டிசோன். தோலுக்குப் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக மென்மையான வகை. உங்கள் முகக் கிறீமில் நான் நினைப்பது இருந்தால், அது இதைவிடப் பல மடங்கு வலியது. பெயர், அளவு, நாள் எல்லாம் எழுதித் தந்ததை எறிந்துவிட்டு, எதுவும் எழுதாததை அதே பிள்ளையைத் தூக்கும் முகத்தில் பூசியிருக்கிறீர்கள். குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான்.

மஞ்சள், வேப்பிலைப் பூச்சை நிறுத்துங்கள். வெடித்த தோலில் அரைத்த இலை எரிச்சலைத்தான் கூட்டும். 2020 இல் மஞ்சள் தட்டுப்பாடு வந்தபோது தூளில் என்னென்ன கலந்தார்கள் என்பது நினைவிருக்கும். பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறம் ஏற்றக் கலந்த ஈயக் குரோமேற் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஒன்று. கடைத் தூளைப் பிள்ளையின் புண்ணில் வைக்க வேண்டாம். வேப்பெண்ணெயை மருந்தென்று சொல்லி யாரும் வாயில் ஊட்டவும் விடாதீர்கள், கைப்பிள்ளைகளுக்கு வலிப்பு வரை கொண்டுபோகும். கடையில் வாங்கும் கண்மையிலும் ஈயம் இருக்கலாம், பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி, தேங்காய் எண்ணெயை விடத் தேவையில்லை. கரப்பன் உள்ள பிள்ளைகளில் செய்த ஆய்வில், சுத்தமான பச்சைத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. குளிக்க வார்த்து, ஈரத்தை ஒற்றி எடுத்த கையோடு பூசுங்கள். சவர்க்காரம் எல்லா நாளும் எல்லா இடத்துக்கும் தேவையில்லை. வைத்தியர் தந்த பூச்சை அவர் சொன்ன நாள் கணக்கின்படி மீண்டும் போடுங்கள். எண்ணெய் அதற்குத் துணை, பதில் அல்ல.

பவுடரை நிறுத்தியது உங்கள் முடிவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைக்கு அது தேவையே இல்லை, மூச்சுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2024 இல், பவுடரில் சேர்க்கும் டல்க் என்ற கனிமத்தை, புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய சாத்தியம் அதிகமுள்ள பொருட்களின் வரிசையில் வைத்தது. மகளின் கரித்தூளை மட்டும் நிறுத்தி, புளோரைட் உள்ள பற்பசைக்குத் திரும்புங்கள். ஐந்து வயதுக்கு ஒரு பட்டாணி அளவு போதும்.

இனி எதை வாங்குவது?

கணவர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் திரும்ப வாங்கத் தேவையில்லை. மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அவர்கள் காலத்தில் பூசியவை குறைவு. உடம்புக்குப் பயற்றம் மா ஒத்துக்கொண்டால் அதுவே போதும். முழுகுமுன் தலைமயிருக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பதால் மயிரின் புரதம் கழுவுண்டு போவது குறைகிறது என்று 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. பொடுகு இருந்தால் மட்டும் எண்ணெய் வேண்டாம். பொடுகுக் கிருமிக்கு எண்ணெய்தான் சாப்பாடு. பரு வரும் முகத்துக்கும் வேண்டாம்.

மருதோன்றி இலையாக அரைத்தால் சரி. கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் 'மருதோன்றி'யில் தலைச்சாயப் பொருள் இருக்கும், கொப்பளிக்க வைக்கும். மணத்துக்குச் சேர்க்கும் லவண்டர், ரீ ட்ரீ எண்ணெய்களும் இயற்கைதான். ஒவ்வாமையோடு என் அறைக்கு வருபவர்களில் அவற்றைப் பூசியவர்களும் இருக்கிறார்கள். 'ஓகானிக்' என்று கையால் எழுதி ஒட்டியிருப்பதை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. செய்தவர் பெயர், முகவரி, உள்ளே உள்ளவை, செய்த திகதி, முடியும் திகதி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

புதிதாக எதை வாங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முகத்தில் வைக்குமுன், முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் நாளுக்கு இரண்டு தரம், ஒரு கிழமை பூசிப் பாருங்கள். நீங்கள் ஒரே நாளில் ஐந்தை மாற்றியதால்தான் எது என்ன செய்தது என்று தெரியாமல் தவிக்கிறீர்கள்.

சித்த வைத்தியத்தை நான் கேலி செய்வேன் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். இல்லை. போக விரும்பினால் கைதடியில் அரசாங்க சித்த வைத்தியசாலை இருக்கிறது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு மருந்து தந்தால் தந்தவரின் பெயர் உங்களுக்குத் தெரியும், பிழைத்தால் போய்க் கேட்கலாம். பால் கொடுப்பதையும், முகத்தில் என்ன பூசினீர்கள் என்பதையும் அவர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடிதத்தின் பின்குறிப்பில், நீங்கள் சொல்லி அதே கிறீமை வாங்கிய இரண்டு ஆசிரியைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். ஒருவர் ஆறு மாதக் கர்ப்பம் என்கிறீர்கள்; அவரை முதலில் கூப்பிடுங்கள். அவரும் டப்பாவோடு தன் கர்ப்பகாலக் கிளினிக்கில் உடனே காட்ட வேண்டும். எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலையே அனுப்பிவிடுங்கள்.